காட்சி முகவரி: தேடல் விளம்பரத்தில் ஒரு வரியின் வரலாறு

தேடுபொறியில் "மதுரை சுங்குடி சேலை" என்று தட்டினால், முடிவுகளுக்கு முன்னதாகச் சில விளம்பரங்கள் வந்து நிற்கும். ஒவ்வொரு விளம்பரத்திலும் ஒரு தலைப்பு, ஓரிரு வரி விளக்கம், ஓர் இணைய முகவரி ஆகியவை இருக்கும். இந்த முகவரியே காட்சி முகவரி எனப்படுகிறது. சொடுக்கியபின் நாம் உண்மையில் போய்ச் சேரும் பக்கத்தின் முகவரி பெரும்பாலும் இதைவிட நீளமானது. எண்களும் குறிகளும் கலந்து, படித்தால் பொருள் தராதது. அதற்குப் பதிலாக வாசிப்பவர் கண்ணுக்கென்று சுருக்கி எழுதப்படுவது காட்சி முகவரி.

தலைப்பில் "மலிவு" என்று எழுதலாம், விளக்கத்தில் "தரம்" என்று எழுதலாம். இரண்டும் விற்பவரின் சொல். நம்புவதும் நம்பாததும் வாங்குபவர் விருப்பம். முகவரி அப்படியல்ல. அது யாருடைய கடை என்பதைச் சொல்கிறது. அதில் பொய் புகுந்தால் வாங்க வந்தவர் வேறொருவர் வாசலில் போய் நிற்பார். ஆகவே இந்த ஒரு வரியில் விற்பவர் தம் விருப்பப்படி எழுதக்கூடியது எவ்வளவு, மாற்றக்கூடாதது எவ்வளவு என்ற கேள்வி கால் நூற்றாண்டாக இருந்துவருகிறது.

தந்தி முகவரி

சுருக்கமான முகவரியைத் தேர்ந்தெடுக்கும் கலை இணையத்தோடு பிறந்ததல்ல. இந்தியாவில் பொதுமக்களுக்கான தந்திச் சேவை 1855இல் தொடங்கியது. தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம். பெறுபவரின் முகவரியும் அந்தக் கணக்கில் சேரும். கடைப்பெயர், கதவெண், தெரு, ஊர் என்று முழுதாக எழுதினால், "சரக்கு அனுப்புக" என்ற செய்தியைவிட முகவரிக்கே அதிகம் செலவாகிவிடும். எனவே வணிகர்கள் ஆண்டுக் கட்டணம் கட்டி, ஒரே ஒரு சொல்லைத் தம் தந்தி முகவரியாகப் பதிவு செய்துகொண்டார்கள். அந்தச் சொல்லும் ஊர்ப்பெயரும் இருந்தால் தந்தி வந்து சேர்ந்துவிடும். பழைய கடைகளின் பில் புத்தகங்களிலும் காலண்டர்களிலும் "கிராம்ஸ்" என்று போட்டு ஒரு சொல் அச்சிட்டிருப்பதை மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். அது இதுதான். இன்றைய ஆள்களப் பெயருக்கு, அதாவது டாட் காம், டாட் இன் என்று முடியும் பெயர்களுக்கு, இதைவிட நெருங்கிய முன்னோடி எனக்குத் தெரியவில்லை. தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டபோது அந்த ஒற்றைச் சொற்களுக்கும் வேலை முடிந்தது.

சொல்லைக் குறைத்துப் பொருளை நிறைப்பதற்கு மதுரை நகரமே நல்ல எடுத்துக்காட்டு. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் ஒன்றை ஒன்று சூழ்ந்திருக்கின்றன. "கீழமாசி வீதி" என்றால் கோயிலுக்கு எந்தத் திசை, எவ்வளவு தொலைவு என்ற இரண்டும் தெரிந்துவிடும். தெற்காவணி மூல வீதி என்றாலே நகைக்கடை என்று புரிந்துகொள்வார்கள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபின் எழுந்த மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி போன்றவை அந்தப் பணியில் ஈடுபட்டவர்களின் பெயரைத் தாங்குகின்றன. பிளாக்பர்ன் நினைவாக நிற்கும் விளக்குத்தூண் இன்றும் பல கடைகளின் முகவரியில் இருக்கிறது. இடம், சரக்கு, உரிமையாளர் ஆகிய மூன்றையும் இரண்டு மூன்று சொல்லில் உணர்த்துவதுதான் நல்ல முகவரி என்றால், தேடல் விளம்பரம் எழுதுபவர்கள் செய்ய முயல்வதும் அதையே.

தேடல் விளம்பரத்தின் தோற்றம்

தேடும் சொல்லுக்கு ஏற்ப விளம்பரத்தைக் காட்டி, சொடுக்குக்குக் காசு வாங்கும் முறையை 1998இல் பில் குரோஸ் தொடங்கிய கோடூ டாட் காம் பரவலாக்கியது. அதிகத் தொகை கேட்டவருக்கு முதலிடம். யார் எத்தனை சென்ட் கொடுக்கிறார் என்பதையும் விளம்பரத்தின் பக்கத்திலேயே காட்டினார்கள். அந்த வெளிப்படைத்தன்மை பின்னால் வந்தவர்களிடம் இல்லை. கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் சேவையை 350 விளம்பரதாரர்களோடு ஆரம்பித்தது.

ஆட்வேர்ட்ஸ் விளம்பரம் நெடுங்காலம் நான்கு வரிதான். தலைப்புக்கு 25 எழுத்து, இரண்டு விளக்க வரிகளுக்குத் தலா 35, பச்சை நிறத்தில் வரும் காட்சி முகவரிக்கு 35. இவ்வளவு சிறிய இடத்தில் முகவரியும் விளம்பரமாகவே நடத்தப்பட்டது வியப்பில்லை. ஆங்கிலச் சொற்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கும் முகவரியில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கினார்கள். முன்னால் வரும் மூன்று டபிள்யூவை நீக்கி இடம் சேமித்தார்கள். சாய்கோட்டுக்குப் பிறகு, தேடப்பட்ட சொல்லையே சேர்த்தார்கள். பின்னது ஏன் பயன்பட்டது என்பதற்குக் காரணம் எளிது: சேலை தேடுபவர், முகவரியிலும் "சேலை" என்ற சொல்லைக் கண்டால், கடையின் முகப்புக்கு அல்ல, சேலை அடுக்கிய அலமாரிக்கே போகப்போகிறோம் என்று எண்ணுவார். அப்படி ஒரு பக்கம் அந்த முகவரியில் உண்மையாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆனால் சாய்கோட்டுக்கு முந்திய பகுதி, அதாவது ஆள்களப் பெயர், வேறு விஷயம். ஒரு கடையின் பெயரைக் காட்டி வேறு தளத்துக்கு அழைத்துச் செல்லும் விளம்பரங்கள் தொடக்க ஆண்டுகளில் இருந்தன. 2008 ஏப்ரல் முதல் காட்சி முகவரியின் ஆள்களமும் சேரும் பக்கத்தின் ஆள்களமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதியைக் கூகுள் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது. 2011இல் ஆள்களப் பெயரில் பெரிய எழுத்து போடும் உத்தியும் போய், எல்லாம் சிறிய எழுத்தாயின. 2016இல் விளம்பரம் பெரிதானபோது, விளம்பரதாரர் ஆள்களப் பெயரைத் தட்டச்சு செய்யும் வழக்கமே எடுக்கப்பட்டது. சேரும் பக்கத்திலிருந்து கணினியே அதை எடுத்துக்கொள்ளும். விளம்பரதாரர் எழுதுவதற்கு எஞ்சியவை சாய்கோட்டுக்குப் பின்வரும் இரண்டு பாதைக் கட்டங்கள், ஒவ்வொன்றும் 15 எழுத்து. உண்மை இவ்வளவு, அலங்காரம் இவ்வளவு என்று எல்லைக் கல் நட்டாகிவிட்டது.

வரி நின்ற இடமும் மாறியது. அடியில் இருந்த முகவரி 2019இல் கைப்பேசியிலும் 2020 ஜனவரியில் கணினித் திரையிலும் தலைப்புக்கு மேலே ஏறியது. பச்சை நிறமும் மறைந்தது. இப்போது கண் முதலில் படும் வரி அதுதான் என்பதால், முன்னைவிட அதில் கவனம் தேவைப்படுகிறது.

பெயர் யாருடையது?

முகவரியே கடையின் பெயர் என்றால், அதைப் போன்ற பெயரை இன்னொருவர் வைக்கலாமா? இந்தியாவில் இதற்கு முக்கியமான விடை சென்னை நிறுவனம் ஒன்றின் வழக்கில் கிடைத்தது. சத்யம் இன்போவே தன் பெயரின் எழுத்துகளைக் கொண்டு "சிஃபி" என்ற சொல்லை உருவாக்கி ஆள்களப் பெயர்களைப் பதிந்திருந்தது. பிறகு வந்த ஒரு நிறுவனம் ஆங்கிலத்தில் ஓர் எஃப் மட்டும் கூடுதலாகச் சேர்த்துப் பெயர் வைத்தது. ஆள்களப் பெயர் வெறும் முகவரி அல்ல, வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004 மே மாதம் தீர்ப்பளித்தது.

அடுத்த வழக்கு தேடல் விளம்பரத்தையே பற்றியது. பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி முதலிய திருமணத் தளங்களை நடத்திய கான்சிம் இன்போ நிறுவனம் 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. தன் பதிவுபெற்ற பெயர்களை யாராவது தேடினால், பக்கத்தில் போட்டித் தளங்களின் விளம்பரம் வருகிறது. விளம்பர வாசகத்திலும் அதே சொற்கள் வருகின்றன என்பது புகார். எதிர்த் தரப்பில் கூகுளும் போட்டித் தளங்களும். நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் 2010 செப்டம்பர் 30 அன்று இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். "தமிழ்", "மேட்ரிமோனி" போன்ற சொற்கள் சேவையை விவரிக்கும் பொதுச் சொற்கள், அவற்றைச் சேர்த்துவைத்ததால் மட்டும் மற்றவர்கள் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது என்பது அந்த உத்தரவின் சாரம்.

முகவரி தேர்ந்தெடுப்பவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய வழக்கு இது. சரக்கின் பெயரையே முகவரியாக வைத்தால் தேடுபவருக்கு உடனே புரியும். ஆனால் அந்தச் சொல்லுக்கு வேலி போட முடியாது. "சிஃபி" போல அகராதியில் இல்லாத சொல்லை வைத்தால் வேலி போடலாம். ஆனால் அது என்ன கடை என்று ஊருக்குச் சொல்லிப் புரியவைக்க ஆண்டுகள் ஆகும். காட்சி முகவரியின் அமைப்பு இந்தச் சிக்கலுக்கு ஓரளவு வழிவிடுகிறது. ஆள்களத்தில் தனிப்பெயர், பாதைக் கட்டத்தில் சரக்கின் பெயர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இதே நிறுவனம் இந்தியப் போட்டி ஆணையத்திலும் கூகுள்மீது புகார் கொடுத்தது. 2018 பிப்ரவரியில் ஆணையம் தேடல் முடிவுகளைக் காட்டும் முறையில் குறைகண்டு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆட்வேர்ட்ஸ் தொடர்பான குற்றச்சாட்டை அது ஏற்கவில்லை.

தமிழில் முகவரி

ஆள்களப் பெயர் முறை 1983இல் உருவானபோது அது ஆங்கில எழுத்துகளுக்கென்றே அமைந்தது. பிற மொழி எழுத்துகளை ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றி உள்ளே அனுப்பும் முறை 2003இல் தரப்படுத்தப்பட்டது. பின்னர் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்று தமிழிலேயே முடியும் முகவரிகள் வந்தன. ஆனாலும் மதுரைக் கடைத்தெருவில் இவற்றைப் பலகையில் எழுதியிருக்கும் கடை அரிது. விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றித் தட்ட வேண்டுமே என்ற தயக்கம் ஒரு காரணம். விளம்பரத்தில் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. காட்சி முகவரியை யாரும் தட்டச்சு செய்வதில்லை, படித்துச் சொடுக்குகிறார்கள். ஆகவே பாதைக் கட்டத்தைத் தமிழில் நிரப்புவதில் நட்டம் ஒன்றுமில்லை.

இங்கே ஓர் இலக்கணச் சிக்கல் உண்டு, தமிழாசிரியர்களுக்குச் சுவையானது. "மல்லிகை" என்பதில் எத்தனை எழுத்து? பள்ளிக் குழந்தையும் நான்கு என்று சொல்லும்: ம, ல், லி, கை. யூனிகோடு முறையில் கணினி அதை ஏழாக எண்ணும். புள்ளியும் கொம்பும் காலும் அதற்குத் தனித்தனி எழுத்து. "மதுரை-மல்லி" நமக்கு ஆறெழுத்தும் ஒரு கோடும், கணினிக்கு 11. "சுங்குடிச்-சேலை" நமக்கு ஏழெழுத்தும் ஒரு கோடும். கணினிக்குச் சரியாக 15. ஒற்று மிகுந்த சொல் உயிர்மெய் குறைந்த சொல்லைவிட இடத்தை விரைவில் தின்றுவிடும். இடம் போதவில்லை என்பதற்காக வல்லின ஒற்றைக் கைவிட்டு எழுதும் விளம்பரங்களைப் பார்க்கும்போது கை சிவப்பு மையைத் தேடுகிறது. அதற்குப் பதில் "சுங்குடி" ஒரு கட்டத்திலும் "சேலை" அடுத்த கட்டத்திலும் என்று பிரித்தால் ஒற்றுக்கே தேவை எழாது. முதலாவது 8, இரண்டாவது 4. இடமும் மிஞ்சும்.

ஏமாற்றுக்கும் தமிழில் வழி இருக்கிறது. தமிழ் எண்ணான ௧ பார்வைக்கு "க" போலவே இருக்கும். ௭ "எ" போல, ௮ "அ" போல. துணைக்காலும் "ர" என்ற எழுத்தும் பல எழுத்துருக்களில் ஒன்றாகத் தெரியும். சிஃபி வழக்கில் ஓர் எஃப் கூடுதலாக இருந்ததைக் கண் பார்த்துவிட்டது. ௧ எண்ணை "க" இருக்க வேண்டிய இடத்தில் வைத்தால் கண்ணால் பிடிக்க முடியாது.