தந்தை பெயர் முன்நிற்கும் கற்கள்

கொங்குநாட்டின் தொல்லிடங்களைக் காணப் புறப்படுவோர்க்கு நொய்யலாறே நல்ல வழிகாட்டி. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிப் பேரூர், கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் இந்த ஆற்றை ஒட்டியே, பாலக்காட்டுக் கணவாயையும் கருவூரையும் இணைத்த பழம்பெருவழி சென்றது. வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த உரோம வெள்ளிக்காசுகள் அவ்வழியின் வணிகச் சிறப்புக்குச் சான்றாகும்.

இவ்வழியைத் தனித்துச் சென்று காண்பதினும், தந்தையோடோ தாயோடோ சென்று காண்பதே தக்கது. அதற்குரிய காரணத்தை இந்நிலத்தின் பழைய எழுத்துகளே உணர்த்துகின்றன.

கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில் ஏறத்தாழக் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. இளங்கடுங்கோ இளவரசனான பொழுது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமணத் துறவி உறைவதற்குக் கல் அறுத்து அளித்த செய்தி அது. விழா இளங்கடுங்கோவினுடையது; ஆயினும் அவன் பெயர் இறுதியிலேயே வருகிறது. பாட்டன் செல்லிரும்பொறை முதலிலும், தந்தை பெருங்கடுங்கோ அடுத்தும் நிற்கின்றனர்.

இவ்வழக்கம் அரசர்க்கு மட்டும் உரியதன்று. புலவர் செ. இராசு கண்டறிந்து உலகறியச் செய்த அறச்சலூர் இசைக்கல்வெட்டில், தாள எழுத்துகளை அமைத்தவன் தேவன் சாத்தன் எனக் குறிக்கப்படுகிறான். தேவன் மகன் சாத்தன் என்பது பொருள். கொடுமணல் பானை ஓடொன்றில் கண்ணன் ஆதன் என்னும் பெயர் காணப்படுகிறது. இன்று நம் பெயர்முன் நிற்கும் தலைப்பெழுத்து இம்மரபின் எச்சமே எனலாம்.

கடல் கடந்தும் இவ்வுணர்வு உண்டு. ஐரோப்பாவின் மேற்கெல்லையிலுள்ள அயர்லாந்தில், கல்லின் விளிம்பில் கோடுகளாகச் செதுக்கப்பட்ட ஓகம் எழுத்துகள் கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் வழங்கத் தொடங்கின. அக்கற்களில் பல கூறுவது, இன்னார் மகன் இன்னாருடையது என்னும் ஒரே செய்தியையே. ஒருவரை ஒருவர் அறியாத இரு நாட்டாரும் கல்லில் முதலில் எழுத விரும்பியது பெற்றவர் பெயரே என்பது எண்ணி மகிழத்தக்கது.

பெயரைக் கல் காத்தது. நினைவைக் காக்கக் கல்லால் இயலாது. கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலையையும், மணிகள் செய்த தொழிலையும், பெருங்கற்கால ஈமக்குழிகளையும் வெளிப்படுத்தின. இவற்றை மகன் நூலிற் கற்று வருவான். ஆனால் அவ்வாற்றங்கரையில் நீர் எவ்வாறு இருந்தது என்பதைத் தந்தையே அறிவார். அருகிலுள்ள ஒரத்துப்பாளையம் அணை 1992இல் திறக்கப்பட்டது. பாசன நீருக்கு மாறாகத் திருப்பூர்ச் சாயக்கழிவே அதில் தேங்கியது. சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் ஆணையிடும் நிலையும் நேர்ந்தது. நொய்யல் நீரைக் கையால் அள்ளிக் குடித்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. அத்தலைமுறை மறையுமானால், அத்தெளிந்த நீருக்குச் சான்று சொல்ல எவரும் இரார்.

வயல்களின் பெயர், மேடுகளின் பெயர், நடுகல்லுக்குப் படைக்கும் நாள், ஈமக்குழிகளைப் பற்றிய ஊர்க்கதை ஆகியனவும் அவ்வாறே. அவை எந்தப் பானை ஓட்டிலும் எழுதப்படவில்லை. முதியோர் நாவில் மட்டும் வாழ்கின்றன.

ஆதலின் பெற்றோரை இவ்விடங்களுக்கு அழைத்துச் செல்வது இன்பச் செலவு மட்டுமன்று; ஆவணம் தொகுக்கும் பணியுமாகும். கவிஞர்கள் அவர்தம் சொற்களைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். இங்குச் சுட்டிய கற்களிலும் ஓடுகளிலும் தாயர் பெயர் இல்லை. அக்குறையை நீக்கும் கடனும் இன்று எழுதுவோர்க்கே உரியது.

தேவன் யாதொரு செயலும் செய்ததாக அறச்சலூர்க் கல் கூறவில்லை. மகன் தன் பெயர்முன் தந்தை பெயரை எழுதினான். அதனால் தேவன் இன்றும் அறியப்படுகிறான்.