மஞ்சூரியாவிற் கொள்ளைநோய் அடங்கிய வரலாறு

நோய் வந்தபின் மருந்து தேடுவோர் பலர். வருமுன் அரண் அமைப்போர் சிலர். அச்சிலரால் ஒரு நாடு பயன்பெற்ற வரலாற்றினைச் சீனதேசத்தினின்றும் எடுத்து, நம் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டு உரைக்கப் புகுகின்றாம்.

1910-ஆம் ஆண்டின் இறுதியில், சீனத்தின் வடகீழ்ப் பகுதியாகிய மஞ்சூரியாவிற் பிளேக் என்னுங் கொள்ளைநோய் பரவிற்று. தார்பகான் என்னும் வளைவாழ் விலங்கினைத் தோலுக்காக வேட்டையாடினோரை அது முதலிற் பற்றிற்று என்பர். பிளேக் நோய், எலியினாலும் தெள்ளுப்பூச்சியினாலுமே பரவும் என்று அக்காலத்து வைத்தியர் பலர் எண்ணியிருந்தனர். இதுவோ நுரையீரலைப் பற்றி, இருமலின் வழியே ஒருவரினின்றும் மற்றொருவரைத் தொடர்வது. பற்றப்பட்டோர் பிழைத்தல் மிக அரிதாயிற்று.

சீன அரசாங்கத்தாரால் அனுப்பப்பெற்று, அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் ஹார்பின் நகரை அடைந்தவர் ஊ லியன்-தே என்னும் வைத்தியர். அவர் 1879-இற் பினாங்கிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கற்றவர். பிரேத பரிசோதனையால் நோயின் இயல்பைத் தெளிந்து, பஞ்சும் மெல்லிய துணியும் கொண்டு செய்த முகக்கவசத்தை யாவரும் அணியுமாறு பணித்தார். மெஸ்னி என்னும் பிரெஞ்சு வைத்தியர் அதனை அணியாராய், சின்னாளில் அந்நோய்க்கே இரையாயினார்.

நோயாளருடன் பழகினோர் இரயில்வண்டிப் பெட்டிகளில் தனித்து வைக்கப்பெற்றனர், போக்குவரவு தடுக்கப்பெற்றது. உறைபனியால் இறுகிய நிலத்திற் புதைத்தற்கியலாது, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சவங்கள் வெளியே கிடந்தன. முன்னோரைப் போற்றும் சீனர்க்குத் தகனம் பெரும்பழி. ஆயினும் அரசாணை பெற்று, 1911 ஜனவரி இறுதியில் அவை எரியூட்டப்பெற்றன. மார்ச்சுத் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் ஒழிந்தது. அதற்குள் மாண்டோர் ஏறக்குறைய 60,000 பேர்.

இதனினும் போற்றத்தக்கது பின் நிகழ்ந்ததே. நோய் நீங்கிற்றென்று அவர் உறங்கினாரில்லை. 1911 ஏப்ரலில் முக்தன் நகரிற் பல தேசத்து அறிஞர் கூடி ஆராய்ந்தனர். 1912-இல் ஊ லியன்-தே தலைமையிற் பிளேக் தடுப்புக்கென நிலையானதோர் அமைப்பு நிறுவப்பெற்றது. ஆஸ்பத்திரிகளும் ஆராய்ச்சிசாலைகளும் எழுந்தன. நோயில்லாத நாளில் இச்செலவு எற்றுக்கு என்பார்க்கு விடை 1920-இற் கிடைத்தது. அவ்வாண்டு அந்நோயே மீண்டது. இம்முறை மாண்டோர் பதினாயிரத்திற்கும் குறைந்தனர். குளிரும் அதுவே, நோயும் அதுவே. எனினும் முன்னர் இல்லாத காவல் இப்பொழுது ஆயத்தமாக நின்றது.

2020-இல் கொரோனா வந்தபோது, ஊ லியன்-தே பணித்தது போன்ற முகக்கவசத்தை நாமும் அணிந்தோம். அச்சமுற்ற நாளில் நம்மவர் அரிசியும் பொருளும் வாரி வழங்கினர். அச்சம் நீங்கியபின் அம்முயற்சி நிலைபெற்றதா என்பதே கேள்வி. விழா முடிந்தாற் பந்தலைப் பிரிக்கலாம்; பந்தற்காலை விறகாக்குதல் தகாது. ஊர்தோறும் முதியோர், தனித்து வாழ்வோர் இவர்தம் பெயர்க்குறிப்பும், தொண்டர் சிலரும், சிறுநிதியும் என்றும் இருத்தல் வேண்டும். நோய் குலம் வினவி வருவதன்று. ஆதலின் நம் சங்கம் எடுக்கும் இக்காவல், நம் தெருவோடு நில்லாது ஊர் முழுமைக்கும் ஆதல் வேண்டும். அதுவே அறம், அதுவே நமக்கும் அரண்.