கருமூளைத் திசு ஒட்டு

கருவில் வளரும் மூளையிலிருந்து திசுவை எடுத்து வேறொரு மூளைக்குள் வைத்து, அங்கே பிழைக்கவும் நரம்பிணைப்பு கொள்ளவும் செய்யும் முறை. வளர்ந்த மூளையின் நரம்புச் செல்லைப் பெயர்த்தெடுத்தால் அதன் நீண்ட இழைகள் அறுபட்டுச் செல் மடிந்துவிடும். அப்போதுதான் பிரிவதை நிறுத்திய, இன்னும் நீள இழை விடாத இளஞ்செல்லோ இந்த அதிர்ச்சியைத் தாங்கும். எலியின் டோபமைன் செல்களுக்கு ஏற்ற பருவம் கருவின் 14, 15ஆம் நாள். அப்பருவத்தில் எடுத்தாலும் பெரும்பாலான செல்கள் முதல் சில நாள்களிலேயே இறந்துபோகின்றன.

1890இல் நியூயார்க் மருத்துவர் வால்டர் கில்மன் தாம்ப்சன் பூனையின் மூளைப் புறணித் துண்டை நாயின் மூளையில் வைத்தார். ஏழு வாரம் கழித்தும் துண்டு இருந்ததாக எழுதினார். அதில் நரம்புச் செல்கள் உயிரோடு இருந்திருக்க வாய்ப்பில்லை என்பது பின்வந்தோர் கருத்து. எலிசபெத் டன் எலிக்குட்டிகளில் செய்த சோதனைகள் 1917இல் வெளியாயின. அவற்றில் சில ஒட்டுகள் பிழைத்தன. 1940இல் லெ கிராஸ் கிளார்க் முயல்குட்டியின் மூளைக்குள் கருப் புறணி முதிர்வதைக் கண்டார். அடுத்த முப்பது ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க முயற்சிகள் குறைவு. 1971இல் கோபால் தாஸ், ஜோசப் ஆல்ட்மன் இருவரும் கதிரியக்க அடையாளமிட்ட முன்னோடிச் செல்களை இளம் எலிகளின் சிறுமூளையில் வைத்து, அவை என்னவாயின என்று தொடர்ந்து பார்த்தனர்.

பிழைத்த திசு இணைப்பும் கொள்கிறதா என்ற கேள்விக்கு உறுதியான விடை தேடப்பட்ட இடம் சுவீடன். அதற்கு வழிவகுத்தது, ஒட்டு பற்றிய எண்ணமே இல்லாமல் ஃபால்க், ஹில்லார்ப் ஆகியோர் 1962இல் வெளியிட்ட ஒரு நிறமேற்றும் உத்தி. உறையவைத்து உலர்த்திய மூளைச் சீவலை ஃபார்மால்டிஹைடு ஆவியில் வைத்தால், ஒளிர்நுண்ணோக்கியில் டோபமைன் இழைகள் பச்சையாகவும் செரட்டோனின் இழைகள் மஞ்சளாகவும் ஒளிரும். லுண்ட் பல்கலைக்கழகத்தின் ஆன்டர்ஸ் பியோர்க்லண்ட், உல்ஃப் ஸ்டெனவி ஆகியோர் இதைத் தந்திரமாகப் பயன்படுத்தினர். 6-ஹைட்ராக்சிடோபமைன் என்ற நச்சால் எலி மூளையின் ஒரு பக்க டோபமைன் இழைகளை முதலில் அழித்தனர். அதன்பின் அப்பக்கத்தில் பச்சையாக ஒளிர்வதெல்லாம் ஒட்டிலிருந்து வந்ததாகவே இருக்கவேண்டும். அசைவை ஒழுங்குபடுத்தும் ஸ்ட்ரயேட்டம் பகுதிக்குள் அந்தப் பச்சை இழைகள் கிளைவிட்டுப் பரவின. ஒரு பக்கம் சேதமுற்ற எலிக்கு ஆம்ஃபெட்டமைன் கொடுத்தால் சேதமான பக்கம் நோக்கிச் சுற்றிச்சுற்றி வரும். ஒட்டுப் பெற்ற எலிகளில் அது குறைந்தது. 1979இல் பியோர்க்லண்ட், ஸ்டெனவி கட்டுரையும், பெர்லோ, ஃப்ரீட் முதலானோர் கொண்ட அமெரிக்க–சுவீடன் குழுவின் கட்டுரையும் தனித்தனியே வெளிவந்தன.

ஒட்டு வைக்கும் இடத்தைப் பொறுத்துப் பலனும் மாறியது. ஸ்ட்ரயேட்டத்தின் மேற்பகுதியில் வைத்தால் சுழற்சி நின்றது, ஒரு பக்கத் தொடுகையைப் பொருட்படுத்தாத கோளாறு நீடித்தது. பக்கவாட்டில் வைத்தால் அந்தக் கோளாறு தணிந்தது, சுழற்சி தொடர்ந்தது. இழை எட்டும் பகுதியின் வேலை மட்டுமே மீள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஃப்ராய்ண்ட் முதலானோர் 1985இல் கண்டது நுணுக்கமானது. ஒட்டின் இழைகள் ஏற்கும் மூளையின் செல்களில் முறையான நரம்பிணைப்புகளைக் கொண்டிருந்தன. கூடவே, அசிட்டைல்கோலின் சுரக்கும் பெருஞ்செல்களின் உடலைச் சுற்றி, இயல்பான மூளையில் காணப்படாத அடர்ந்த கூடைகளையும் பின்னியிருந்தன. ஆகவே ஒட்டு பழைய அமைப்பை அப்படியே திரும்பக் கட்டுகிறது என்று சொல்ல முடியவில்லை. ஏற்கும் மூளையிலிருந்து ஒட்டுக்குள் வரும் இணைப்புகளும் பின்னர் கண்டறியப்பட்டன; அவை எவ்வளவு பயன்படுகின்றன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒட்டு டோபமைனைக் கசியவிடும் சுரப்பி மட்டுமே என்போரும், சுற்றோடு இணைந்த உறுப்பு என்போரும் இருந்தனர்.

இந்த வாதத்துக்கு வெளிச்சம் தந்தவற்றில் ஹாம்ஸ்டர் சோதனை தனிச்சுவை உடையது. நாளொழுங்கைக் காக்கும் மூளைப்பகுதி நீக்கப்பட்ட ஹாம்ஸ்டருக்கு, சுமார் 20 மணி நேரச் சுழற்சி உடைய மரபுத்திரிபு விலங்கின் கருத்திசுவை வைத்தால், அது கொடையாளியின் கடிகாரப்படி ஓடத் தொடங்கியது என ரால்ஃப், மெனகர் முதலானோர் 1990இல் அறிவித்தனர். இழை நுழைய முடியாத உறைக்குள் அடைத்த திசுவும் ஓட்ட ஒழுங்கை மீட்டது என்று 1996இல் ரே சில்வர் குழு காட்டியது. இதற்குக் கசியும் வேதிப்பொருளே போதுமானது போலும். ஆனால் ஹார்மோன் ஒழுங்குகள் ஒட்டுப் பெற்ற விலங்குகளில் திரும்பவில்லை என்பதால், அவற்றுக்கு நரம்பிழை தேவை எனக் கருதப்படுகிறது. எலியின் நடுமூளையருகே கருவின் விழித்திரையை ஒட்டி, அந்த ஒட்டின் மீது ஒளி பாய்ச்சியபோது, ஏற்ற எலியின் கண்மணி சுருங்கியதை கிளாசனும் ரேமண்ட் லண்டும் 1987இல் பதிவு செய்தனர். இங்கே கசிவு என்ற விளக்கத்துக்கு இடமில்லை.

டோபமைன் செல்கள் மடியும் பார்க்கின்சன் நோய்க்கு மனிதரில் கருத்திசு ஒட்டு லுண்டில் 1987இல் தொடங்கியது. அமெரிக்காவில் இவ்வகை ஆய்வுக்கான கூட்டரசு நிதி 1988இல் நிறுத்தப்பட்டு 1993இல் அனுமதிக்கப்பட்டது. ஒட்டுக்குப் பின் 18 மாதங்களில் வேறு காரணத்தால் இறந்த நோயாளியின் மூளையில், ஒட்டு பிழைத்து இழை பரப்பியிருந்ததை 1995இல் கோர்டோவர் முதலானோர் காட்டினர். 40 பேரிடம் போலி அறுவையோடு ஒப்பிட்டு நடந்து 2001இல் வெளியான ஆய்வில் நோயாளிகளின் தன்மதிப்பீட்டில் வேறுபாடு தெரியவில்லை. மருத்துவரின் பரிசோதனையில் இளையோரிடம் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. ஒட்டுப் பெற்றவர்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கு மருந்தைக் குறைத்தும் நிற்காத மிகையசைவுகள் தோன்றின. ஒட்டில் கலந்த செரட்டோனின் செல்களே அதற்குக் காரணம் என்பது ஒரு கருத்து. 2008இல், பத்தாண்டுக்கும் மேல் வாழ்ந்த சில ஒட்டுகளில் பார்க்கின்சன் நோய்க்குரிய லூயி உருண்டைகள் காணப்பட்டன. வேறு ஆய்வாளர்கள் பார்த்த ஒட்டுகளில் அவை இல்லை.

விலங்குச் சோதனைகளும் தொடர்ந்தன: 2016இல் மியூனிக்கில், வளர்ந்த சுண்டெலியின் பார்வைப் புறணியில் வைத்த கருச்செல்கள் சில வாரங்களில் கோடுகளின் சாய்வுக்கேற்பத் தூண்டப்பட்டன. கருத்திசு கிடைப்பதில் உள்ள சிக்கலும் அறத் தயக்கங்களும் காரணமாக, தண்டுச் செல்களிலிருந்து உருவாக்கிய டோபமைன் செல்கள் அதன் இடத்துக்கு வருகின்றன. கியோட்டோவில் இவ்வகை அறுவை 2018இல் தொடங்கியது. அதன் முதற்கட்ட முடிவுகள் 2025இல் வெளியாயின.