குடலடைப்பும் ஒரு சிறு பொறியும்

புற்றுநோய் முற்றியவர்கள் படும் துன்பங்களுள் குடலடைப்பு மிகக் கொடியது. கட்டி வயிற்றினுள் பரவிக் குடலை நெரிக்க, உண்டது இறங்காது, மலம் வெளியேறாது, வயிறு உப்பும், சுருட்டிச் சுருட்டி வலிக்கும், வாந்தி ஓயாது. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவர் கையாண்ட வழிகள் இரண்டே. ஒன்று அறுவை. மற்றொன்று, மூக்கு வழியே குழாயிட்டு இரைப்பை நீரை உறிஞ்சுவதும், நாளத்தின் வழியே உப்புநீர் ஏற்றுவதும். அடைப்பு நீங்கிப் பிழைக்கக்கூடியவருக்கு இது நல்ல மருத்துவமே. பிழைக்க வழியில்லாதவருக்கோ, எஞ்சிய சில நாள்களையும் குழாய்களோடு கட்டிலில் பிணித்துவைப்பதாயிற்று.

இந்நிலை மாறிய வரலாறு லண்டனைச் சார்ந்தது. தாதியாக இருந்து 1957இல் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967இல் அங்கே செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலி வந்தபின் மருந்து தருவதன்று, வருமுன்னரே மணி தவறாது தருவதே முறை என்பது அவர் கொள்கை. ஆயின், ஓயாது வாந்தி எடுப்பவர் வயிற்றில் மருந்து எவ்வாறு தங்கும்? நான்கு மணிக்கொருமுறை ஊசி குத்தினால், எலும்பும் தோலுமான உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

விடை வேறொரு நோயின் வழியாக வந்தது. மார்ட்டின் ரைட் என்னும் ஆங்கில மருத்துவர், மின்கலத்தால் இயங்கும் கையடக்கப் பொறி ஒன்றை 1970களில் அமைத்தார். (மூச்சின் வேகத்தை அளக்கும் கருவியும் அவர் கண்டதே.) மலேசியாவிலும் பலர் அறிந்த தலசீமியா என்னும் இரத்தநோய் உடையோருக்கு, உடம்பில் மிகும் இரும்பை அகற்றும் மருந்தை மெல்ல மெல்லத் தோலின் கீழ்ச் செலுத்தவே அது தோன்றியது. 1979இல் அதனைப் புற்றுநோயாளிகளின் வலி தீர்க்கவும் பயன்படுத்திய செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது.

செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்து மேரி பெயின்ஸ் அம்மையாரும் அவர்தம் துணைவர்களும், குடலடைப்பை மருந்தாலேயே தணிக்கும் முறையை 1985இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். வலிக்கு மார்பின் இனத்து மருந்து. குமட்டலுக்கு ஹாலோபெரிடால் போன்றவை. சுருட்டுவலிக்கு, நம் ஊமத்தையிலும் உள்ள ஹையோசின். வாந்தி அனைவருக்கும் அடியோடு நின்றதென்று அவர்கள் கூறவில்லை. அந்த நேர்மையே அவர்கள் ஆய்வுக்கு மதிப்புத் தருவது என்பேன். அறுவையை அவர்கள் புறக்கணித்ததாகவும் கொள்ளலாகாது. ஓரிடத்தில் மட்டும் அடைப்புற்று, உடல்வலிவும் உள்ளவருக்கு அறுவை இன்றும் ஏற்றதே.

அடைப்பு நீங்காமலே துன்பம் தணிந்தது. வாய்க்குச் சிறிது கஞ்சியோ பழச்சாறோ கொடுக்கலாம் என்றாயிற்று. பெயின்ஸ் அம்மையார் 1969இலேயே தொடங்கியிருந்த வீட்டுப் பணிக்கும் இப்பொறி கைகொடுத்தது. நோயாளி தம் வீட்டில், தம் மக்கள் நடுவே படுத்திருக்க, மருந்தை மாற்றி வைக்கத் தாதி நாளுக்கு ஒருமுறை வந்தால் போதும்.