தார்ப் பாலைநிலத்தில் நீரறமும் காட்டுயிர்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழ்த் திணை மரபில் பாலை நிலையான நிலமன்று. வேனிலின் வெம்மையால் பிற நிலங்கள் எய்தும் நிலையே பாலை எனக் கொள்ளப்பட்டது. மழை வந்தால் அந்நிலம் தன் இயல்புக்கு மீளும். இராஜஸ்தானின் மேற்கே பரந்து கிடக்கும் தார் அவ்வாறன்று. ஜெய்சால்மர் வட்டாரத்தில் ஆண்டின் சராசரி மழையளவு 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அம்மழையும் சில நாள்களிலேயே பெய்து ஓய்ந்துவிடும். பெய்யாது பொய்க்கும் ஆண்டுகளும் உண்டு. எனினும் உலகப் பாலைநிலங்களுள் மக்கள் நெருக்கமும் கால்நடை நெருக்கமும் மிக்கதாக இதனைக் குறிப்பர். அம்மக்களோடு சிங்காரா மான், வெளிமான், பாலைநரி, பாலைப்பூனை, கல்கௌதாரி, கானமயில் முதலியனவும் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வந்துள்ளன.

இவ்வுயிர்கள் எந்த நீரை அருந்தின, அந்நீரைப் பேணியவர் யாவர், பேணிய நெறி மாறியபோது நேர்ந்தது யாது என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. வறட்சி வந்தால் தொட்டி கட்டி நீர் ஊற்றுதலே காட்டுயிர்க் காப்பு என்னும் எண்ணம் இன்று பரவலாக உள்ளது. தாரின் வரலாறு அவ்வளவு எளிமையானதன்று. அங்கே நீரின் அளவைக் காட்டிலும் நீரைச் சூழ்ந்திருந்த நெறியே உயிர்களின் வாழ்வைத் தீர்மானித்து வந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மூவகை நீர்

தார்வாழ் மக்கள் பஞ்சத்துக்கு வழங்கும் பெயர்களே அவர்தம் பட்டறிவைக் காட்டுகின்றன. தானியம் இல்லாத பஞ்சம் அன்னகால். நீர் இல்லாதது ஜலகால். புல் இல்லாதது திருணகால். மூன்றும் ஒருங்கே வந்தால் அது திரிகால். 1899–1900ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் அத்தகையது. விக்கிரம ஆண்டு 1956இல் நேர்ந்தமையால் அதனைச் ‘சப்பனியா’, அதாவது ஐம்பத்தாறாம் ஆண்டுப் பஞ்சம், என இன்றும் வழங்குவர். அப்பஞ்சத்தில் மாண்ட கால்நடைகளைப் பற்றிய செய்திகள் ஆவணங்களில் உள்ளன. காட்டுயிர்க் கணக்கெடுப்பு என்னும் கருத்தே அந்நாளில் இல்லாமையால் மான்களும் பறவைகளும் பட்ட பாட்டை நாம் ஊகிக்கவே இயலும்.

பஞ்சத்தைப் போன்றே நீரையும் அவர்கள் மூன்றாகப் பகுத்தனர். மழையாகப் பெய்து மேற்பரப்பில் தேங்குவது பாலர் பானி. ஆழத்தில் கிடைக்கும் நிலத்தடி நீர் பாதாள பானி. அது பெரும்பாலும் உவர்ப்பானது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது ரேஜாணி பானி. மணலுக்குள் இறங்கும் மழைநீரைச் சில இடங்களில் ஜிப்சப் படிவம் ஒன்று கீழே செல்லவிடாது தடுத்துவிடும். அப்படிவத்துக்கு மேல் மணலில் ஈரமாய்த் தங்கி நிற்கும் நீரே ரேஜாணி. குறுகிய வாயுடைய ‘குயீ’ என்னும் சிறு கிணறு தோண்டி, அவ்வீரம் துளித்துளியாய்க் கசிந்து திரளும்வரை காத்திருந்து எடுப்பர். அனுபம் மிஸ்ரா இந்தியில் எழுதிய, 1995இல் வெளிவந்த, இராஜஸ்தானின் மழைத்துளிகள் பற்றிய நூல் இம்மரபைப் படிப்பாளர் உலகின் பார்வைக்குக் கொணர்ந்தது. ஜிப்சப் படிவம் பற்றிய இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அது வேறொரு வடிவில் மீண்டும் வரும்.

இந்நீர்களுள் மனிதர்க்குரியது மூடப்பட்டது. ‘டாங்கா’ என்னும் நிலத்தடித் தொட்டி மேலே கவிந்த மூடியும் கதவும் உடையது. அதனைச் சூழ்ந்த சரிவான நீர்ப்பிடிப்புத் தரை ‘ஆகோர்’ எனப்படும். அதில் செருப்புடன் நடத்தலும் கூடாது. விலங்குக்குரிய நீரோ திறந்தது. ஊர்ப்பொதுவான ‘நாடி’ என்னும் குளமும், கிணற்றை ஒட்டிக் கட்டப்படும் ‘கேலி’ என்னும் நீர்த்தொட்டியும் ஆடுமாடு, ஒட்டகம், மான், பறவை அனைத்துக்கும் பொது. நம் ஊர்களில் ஊருணிக் கரையில் ஆவுரிஞ்சு கல் நட்டு, ஆக்கள் அருந்தத் தொட்டியும் அமைத்த அறத்தோடு இதனை ஒப்பவைத்து எண்ணலாம்.

நாடியின் நீர் சில திங்கள்களே நிற்கும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அதனை அதன் குறையாகக் கருதுவோர் உளர். நீர் வற்றியதும் மந்தைகள் இடம்பெயரும். சூழ்ந்திருந்த சேவண் புல்வெளி அடுத்த மழைக்குள் தழைத்துவிடும். வற்றும் குளம் புல்லைக் காத்தது எனலாம். மேலும், பாலைநிலத்து உயிர்களெல்லாம் நாள்தோறும் நீர் தேடுவன என எண்ணுதலும் பொருந்தாது. சிங்காரா மான் இலை தழையிலிருந்தே பெரும்பகுதி நீரைப் பெற்றுக்கொள்ளும். கானமயில் நீர் கிடைத்தால் அருந்தும். கிடையாதபோது வெட்டுக்கிளி, வண்டு, பழம் ஆகியவற்றின் ஈரத்தைக் கொண்டு வாழும். உலர்ந்த விதைகளையே உண்ணும் கல்கௌதாரிக்கோ நீரின்றி இயலாது.

பிஷ்னோய் நெறி

நாகோருக்கு அண்மையில் உள்ள பீபாசரில் 1451இல் பிறந்த ஜாம்போஜி, 1485இல் சம்ராதல் என்னும் மணல்மேட்டில் பிஷ்னோய் நெறியைத் தோற்றுவித்தார். அது கொடும் வறட்சிக் காலம் என்பது மரபுவழிச் செய்தி. அவர் வகுத்த 29 விதிகளுள் பச்சைமரம் வெட்டாமையும் உயிரிரக்கமும் பலரும் அறிந்தவை. நீரை வடிகட்டியே அருந்த வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று என்பது அத்துணைப் பேசப்படுவதில்லை. குடிப்பவரின் நலத்தோடு, நீருள் வாழும் சிற்றுயிரின் நலமும் அவ்விதியில் அடங்கும். முகாம் திருவிழாவுக்குச் செல்லும் அடியார் சம்ராதலின் அடிவாரப் பள்ளத்திலிருந்து மண் அள்ளி மேட்டில் சேர்ப்பர். வழிபாடாகவே நிகழும் இச்செயல் பயனளவில் தூர்வாருதல் ஆகும்.

1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் மரம் காக்க உயிர்நீத்த அமிர்தா தேவி முதலிய 363 பேரின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுள்ளது. ஈண்டு விரித்தல் வேண்டா. அவர்கள் காத்த கேஜ்ரி, நாம் வன்னி எனப் போற்றும் மரமே என்பதை மட்டும் குறிப்பிடுதல் தகும். அதன் நிழலும் தழையும் நெற்றும் வறட்சிக் காலத்தில் கால்நடைக்கும் மானுக்கும் உணவாவன. பாலையில் தழையைக் காத்தல் நீரைக் காத்தலின் ஒரு பகுதி.

இந்நெறி பிஷ்னோயர்க்கு மட்டும் உரியதன்று. தெய்வத்தின் பெயரால் விடப்பட்ட ‘ஓரண்’ என்னும் காவற்காடுகள் தார் எங்கும் உள்ளன. அவற்றில் கிளை முறித்தல் கூடாது, மேய்ச்சலுக்குத் தடையில்லை. பெரும்பாலானவற்றின் நடுவே ஒரு நீர்நிலை உண்டு. தண்டிப்பார் எவருமின்றித் தெய்வ அச்சத்தினாலும் ஊர்ப்பேச்சினாலும் அவை நிலைபெற்றன.

வேட்டைக்குரிய நீர்

நீரைக் காத்தவரெல்லாம் உயிரைக் காத்தவர் அல்லர். 1888 முதல் 1943 வரை பிகானேரின் அரசராயிருந்த கங்காசிங் நீர்ப்பணிகளில் பெருநாட்டம் கொண்டவர். சட்லெஜ் நீரைத் தம் நாட்டுக்குக் கொணர்ந்த கங்கக் கால்வாய் 1927இல் திறக்கப்பட்டது. பிகானேர் அருகே கஜ்நேர் ஏரிக்கரையில் அவர் அமைத்த மாளிகை வேறொரு வகையில் புகழ்பெற்றது. குளிர்காலத்தில் வலசை வரும் கல்கௌதாரிகள் காலைப்பொழுதில் கூட்டங்கூட்டமாக அவ்வேரியில் இறங்கும். அவ்வேளைக்கெனக் காத்திருந்து ஆங்கில ஆட்சியாளரும் விருந்தினரும் அவற்றைச் சுட்டு வீழ்த்தினர். கஜ்நேர் வேட்டைக்கு அழைக்கப்படுதல் அந்நாளில் ஒரு சிறப்பாகவே கருதப்பட்டது.

கல்கௌதாரியின் ஆண் தன் வயிற்றிறகுகளில் நீரை நனைத்தேந்திப் பல கல் தொலைவிலுள்ள குஞ்சுகளுக்குக் கொண்டு சேர்க்கும் இயல்புடையது. 1896இல் மீட்-வால்டோ என்பார் இதனை எழுதியபோது அறிஞர் பலர் நம்பவில்லை. 1967இல் கேட், மெக்லீன் இருவரும் ஆய்ந்து உறுதிப்படுத்தினர். நீரின்றி அமையாத இவ்வியல்பே அப்பறவையை எளிய இலக்காக்கிற்று. தாகத்தின் நேரத்தை அறிந்தவனுக்குத் துரத்த வேண்டிய தேவையில்லை.

ஆயினும் அரசர்களின் வேட்டைக்காடுகளைக் கொலைக்களங்கள் என மட்டும் கூறி ஒதுக்கிவிடவும் இயலாது. பிறர் நுழையாது காக்கப்பட்டமையால் அவற்றுட் சில பின்னாளில் சரணாலயங்களாயின. சூரூ மாவட்டத்துத் தால் சாப்பர் அவ்வகையினது. பிகானேர் அரசின் வேட்டைக்களமாயிருந்த அப்புல்வெளி 1966இல் சரணாலயமாகி, ஏறத்தாழ ஏழு சதுர கிலோமீட்டர் பரப்பில் இன்றும் வெளிமான் மந்தைகளைத் தாங்கி நிற்கிறது.

கால்வாயின் வருகை

பொறியாளர் கன்வர் சென் 1948இல் முன்வைத்த திட்டத்தின் வழி, பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து தாருக்கு நீர் கொணரும் இராஜஸ்தான் கால்வாய்ப் பணி 1958இல் தொடங்கியது. இந்திரா காந்தி மறைந்தபின் அவர் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 204 கிலோமீட்டர் ஊட்டுக்கால்வாயும் 445 கிலோமீட்டர் முதன்மைக் கால்வாயுமாக நீண்டு, 1987 தொடக்கத்தில் நீர் ஜெய்சால்மர் மாவட்டத்தை எட்டியது. அவ்வாண்டே இராஜஸ்தானில் கொடும் வறட்சி நிலவியது என்பதை எண்ணினால் அந்நீரைக் கண்ட மக்களின் உவகையை உணரலாம். குடிநீருக்காகப் பல கல் நடந்த பெண்டிரின் துயர் பெருமளவு குறைந்தது. இதனை மறைத்துக் கால்வாயைப் பழிப்பது நேர்மையாகாது.

காட்டுயிர்க் கணக்கு வேறாயிற்று. முன்னர்க் கூறிய ஜிப்சப் படிவமும் அதையொத்த கெட்டித் தரையும் இங்கு மீண்டும் வருகின்றன. குயீக்கு இன்னீரைத் தேக்கித் தந்த அதே தடுப்பு, பாய்ச்சிய கால்வாய் நீரைக் கீழிறங்க விடாது மேலே தள்ளியது. கால்வாயின் முதற்கட்டப் பகுதிகளில் நிலங்கள் நீர்தேங்கி உவர் பூத்தன. ஆண்டுக்குச் சிறிதளவு மழைநீரைப் பிடித்துத் தந்த அமைப்பு ஆற்றுநீரை ஏற்கும் அமைப்பன்று. ஊர்க்கிழவர் அறிந்திருந்த இச்செய்தி திட்டத்தில் உரிய இடம் பெறவில்லை.

புல்வெளிகள் உழப்பட்டுக் கடுகும் கடலையும் விளைந்தன. நீர்ப்பறவைகள் புதிதாய் வந்தன. நீலகாய், காட்டுப்பன்றி ஆகியவை பெருகின. பாலை மணலுக்குரிய எலியினங்களின் இடத்தில் ஈரநிலத்து எலிகள் புகுந்தன. மேலோட்டமாய்ப் பார்ப்பவர்க்கு இது உயிர்ப்பெருக்கமே. ஆனால் வந்தவை வேறிடங்களிலும் வாழக்கூடியவை. போனவை தாரையன்றி வாழ வேறிடம் அரிதாய்ப் பெற்றவை. ஆழ்துளைக் கிணறுகளும் இதே விளைவைத் தந்தன. ஆண்டு முழுதும் நீர் கிடைத்தமையால் மந்தைகள் இடம்பெயராது ஓரிடத்தே நின்றன. நீர்நிலையைச் சூழ்ந்த புல் வேரோடு அழிந்தது.

கானமயிலும் காப்பகமும்

கானமயில் என்னும் பெயர் தமிழுக்குப் புதிதன்று. தமிழகத்துப் புல்வெளிகளிலும் ஒருகாலத்தில் வாழ்ந்து மறைந்த பறவை அது. தர்மகுமார்சிங்ஜி 1969இல் செய்த மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1,260 கானமயில்கள் இருந்தன. 2018 அளவில் அது சுமார் 150 ஆயிற்று. அவற்றுட் பெரும்பான்மை ஜெய்சால்மர் மாவட்டத்தன.

1978–79இல் அரபு விருந்தினர் ஜெய்சால்மர்ப் பகுதியில் வல்லூறு கொண்டு நிகழ்த்திய வேட்டை மக்களின் எதிர்ப்பைக் கிளப்பியது. 1980இல் பாலைநிலத் தேசியப் பூங்காவுக்கென 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1981இல் கானமயில் இராஜஸ்தானின் மாநிலப் பறவையாயிற்று. எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் அப்பரப்பினுள் உள்ளன. வேலியிடப்பட்ட சூதாசரி முதலிய சில அடைப்புகளே முழுக் காவலுக்கு உட்பட்டவை.

அங்கே வனத்துறை கோடையில் ஆழமற்ற சிமெண்டுத் தொட்டிகளை நிரப்புகிறது. பறவையும் மானும் இறங்கி ஏற ஏதுவான சாய்வுடைய தொட்டிகள் அவை. வேலிக்குள் இருக்கும் தொட்டி நன்மையே தருகிறது. வேலிக்கு வெளியே அமைந்த நீர் மானோடு நாயையும் அழைக்கிறது. கானமயில் பெரும்பாலும் ஒரேயொரு முட்டையைத் தரையில் இடுவது. நாயும் நரியும் பன்றியும் அம்முட்டைக்குப் பகை. தன் தேவைக்கு மிகுதியான நீரால் அப்பறவை பெறுவது சிறிது. நீரால் பெருகும் பகையால் இழப்பது பெரிது. காப்பகமாக அறிவிக்கப்படாத பொக்ரான் படைப்பயிற்சிக் களத்தில் ஆளரவமும் மந்தையும் இன்மையால் அப்பறவை நிலைத்திருப்பது இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

இதனினும் கடினமான சிக்கல் ஒன்றுண்டு. காப்பகச் சட்டத்தின் கட்டுப்பாடுகளால் உள்ளிருக்கும் ஊர்களுக்குக் குடிநீர்க்குழாயும் மின்சாரமும் சாலையும் நெடுங்காலம் தடைப்பட்டன. பறவைக்குத் தொட்டியில் நீர் நிரம்புவதைக் கண்டும் தாம் குடம் சுமந்து நடந்த மக்கள் அப்பறவையைத் தம் பகையாக எண்ணியிருப்பின் அதில் வியப்பில்லை. நாடியிலும் கேலியிலும் அவ்விருவர்க்கும் நீர் பொதுவாயிருந்தது. சட்டமே நீரை இரண்டாகப் பிரித்தது.

அண்மைக் காலத்தில் கானமயிலின் பேரிடர் உயரழுத்த மின்கம்பிகளே. இதுகுறித்து உச்சநீதிமன்றம் 2021இல் ஆணை பிறப்பித்து 2024இல் அதனைத் திருத்தியது; அது தனியே ஆராயத்தக்கது. நம் பொருளுக்கு நெருங்கியது மற்றொரு தீர்ப்பு. 2024 டிசம்பரில் அந்நீதிமன்றம், இராஜஸ்தானின் ஓரண் முதலிய காவற்காடுகளை அளந்து வரைபடமாக்கிக் காடுகளாக அறிவிக்குமாறும், அவற்றைப் பேணிவந்த மக்களின் பங்கினை ஏற்குமாறும் பணித்தது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளைக் காக்க 1995இல் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கின் தொடர்ச்சியாகவே அத்தீர்ப்பு வந்தது. ஜெய்சால்மரின் தேகராய் ஓரண் இன்றும் கானமயில் இறங்கும் இடங்களுள் ஒன்று. அங்கே மழைக்குப்பின் தேங்கும் நீரில் ஒட்டகமும் சிங்காராவும் கல்கௌதாரியும் தத்தம் வேளையில் வந்து அருந்திச் செல்கின்றன.