1885 எந்தப் பிரதியின் ஆண்டு? அசன்பே சரித்திரமும் மாணவர் உசாத்துணையும்

மாணவர் ஆய்வேடுகளில் காணப்படும் உசாத்துணைக் குறைகளைப் பயிற்சிக் குறையாக மட்டுமே பார்க்கும் போக்கு நம்மிடையே வலுவாக உள்ளது. ஒரு மேற்கோள் முறையைத் தேர்ந்து, சொட்டேரோ போன்ற மென்பொருளைக் கற்பித்து, காற்புள்ளியும் அடைப்புக்குறியும் சீராக அமையச் செய்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது அதன் சாரம். இக்கட்டுரை அக்கருத்தோடு உடன்படவில்லை. சீரான வடிவமே சில வேளைகளில் பிழைக்கு அரணாகிவிடுகிறது. கண்டி தந்த ஒரு நூலின் பதிவைக் கொண்டே இதைக் காட்டலாம்.

சித்தி லெவ்வையின் (1838–1898) நாவல் ஆய்வேடுகளில் இவ்வாறு இடம்பெறுவதுண்டு: சித்தி லெவ்வை, மு. கா. (1885). அசன்பே சரித்திரம். வடிவத்தில் குற்றம் காண எதுவுமில்லை. ஆயினும் ஆய்வேட்டின் உள்ளே தரப்படும் பக்க எண்கள், நூலகத்திலோ எண்ணிம வடிவிலோ மாணவருக்குக் கிடைத்த பிற்கால மறுபதிப்புக்கு உரியவை. ஆண்டு ஒரு பிரதியிலிருந்தும் பக்கம் இன்னொரு பிரதியிலிருந்தும் வருகின்றன. இரண்டும் சேர்ந்து சுட்டும் நூல் எந்த அலுமாரியிலும் இல்லை. எல்லா ஆய்வேடுகளும் இப்படித்தான் என்று பொதுமைப்படுத்துவது என் நோக்கமன்று. ஆனால் இந்தக் கலப்பு நேரும்போது அதைப் பிழையென்று எந்த மென்பொருளும் காட்டாது, வடிவத்தை மட்டும் சரிபார்க்கும் மேற்பார்வையாளர் கண்ணிலும் அது படாது.

இதனால் விளையும் கேடு இரண்டு வகையானது. முதலாவது, காலவரிசை பற்றியது. பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. திருகோணமலை இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை 1891க்கும், சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895க்கும் உரியவை. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்ற இடத்தை அசன்பே சரித்திரத்துக்கு அளிப்பது 1885 என்ற ஓர் எண்தான். இவ்வளவு பாரம் சுமக்கும் எண்ணை எங்கிருந்து பெற்றோம் என்பதை ஆய்வேடு சொல்லியாக வேண்டும். மறுபதிப்பின் முன்னுரையிலிருந்தா, ஓர் இலக்கிய வரலாற்று நூலிலிருந்தா, முதற்பதிப்பின் முகப்புப் பக்கத்திலிருந்தா? மூன்றும் ஒரே தரமான சான்றுகள் ஆகா. அடைப்புக்குறிக்குள் நிற்கும் 1885 இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

இரண்டாவது இன்னும் ஆழமானது. இந்நாவலைக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடையை ஆராயும் மாணவர், வாக்கிய நீளம், நிறுத்தக்குறி, பத்திப் பிரிப்பு, அரபுச் சொற்களின் எழுத்துக்கூட்டல் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறார். பழைய உரைநடையை மறுபதிப்புச் செய்வோர் சந்தி பிரிப்பதும் நிறுத்தக்குறி இடுவதும் வழக்கம். எனவே மறுபதிப்பில் காணும் ஒரு காற்புள்ளி சித்தி லெவ்வையுடையதா, பதிப்பாசிரியருடையதா என்று முதலில் கேட்க வேண்டும். 1885 என்று பதிவிட்ட ஆய்வேட்டில் அக்கேள்வி எழவே இடமில்லை. பதிப்பாசிரியரின் கைவேலை ஆசிரியரின் நடையாக வருணிக்கப்படும். அதை நம்பி அடுத்த மாணவரும் எழுதுவார்.

தீர்வு எளிது. கையில் இருந்த பிரதியின் ஆண்டும் பதிப்பகமும் பதிவில் இருக்க வேண்டும்; முதற்பதிப்பு ஆண்டு அதனுடன் தனியே வர வேண்டும். ஏபிஏ முறை மறுபதிப்புகளுக்கு இரண்டு ஆண்டுகளையும் சாய்கோட்டால் பிரித்துத் தருமாறே கேட்கிறது. சொட்டேரோவின் கூடுதல் குறிப்புக் கட்டத்தில் மூல ஆண்டை இட வழியுண்டு. ஆக, கருவியில் குறையில்லை. எந்தப் பிரதியைப் பார்த்தோம் என்று எழுதும் பழக்கத்தைத்தான் நாம் கற்பிக்கவில்லை.

தேடலிலும் இதே நிலைதான். சித்தி லெவ்வை, சித்திலெவ்வை, சித்தி லெப்பை, எம். சி. சித்தி லெப்பை என ஆசிரியர் பெயர் பலவாறு எழுதப்படுகிறது. நூலும் அசன்பே சரித்திரம் என்றும் அசன்பேயுடைய கதை என்றும் வழங்குகிறது. ஒரு வடிவத்தை மட்டும் தட்டச்சு செய்துவிட்டு, முன்னாய்வுகள் குறைவு என்று எழுதுவது தேடலின் குறையை ஆய்வுலகின் குறையாக்கிவிடும். மேலை வழக்கப்படி 'லெவ்வை, சித்தி' என்று பெயரைத் திருப்பிப் போட்டால், அந்தப் பதிவைப் பின்பற்றித் தேடுபவருக்கு வழியே அடைபடும். பெயரை ஒரே கட்டத்தில் இடும் வசதியும் அதே மென்பொருளில் உண்டு.

முதற்பதிப்பு கிடைப்பது அரிது, இளங்கலை மாணவரிடம் இதை எதிர்பார்க்கலாமா என்று கேட்பர். கிடைப்பது அரிதென்றால், பார்த்ததை மட்டும் பார்த்ததாகச் சொல்வது இன்னும் அவசியமாகிறது. கதை ஒன்றுதானே என்ற வாதம், நடை பற்றி ஒரு வரி எழுதியதுமே செல்லாததாகிவிடும்.

வழி முற்றாக அடைபட்டும் இல்லை. இலங்கையில் அச்சாகும் நூல்களைப் பதிவு செய்ய வகைசெய்த அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம் 1885ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டமாகும். அதன்கீழ் பதிவான நூல்களின் பட்டியல் அரசாங்க வர்த்தமானியில் காலாண்டுதோறும் வெளிவந்தது. நாவலுக்குச் சொல்லப்படும் ஆண்டும் சட்டத்தின் ஆண்டும் ஒன்றாக இருப்பதால், அப்பட்டியல்களைப் புரட்டுவது ஓர் இறுதியாண்டு மாணவருக்கு நல்ல ஆய்வுப்பணி. பேராதனைப் பல்கலைக்கழக நூலகம், கண்டி டி. எஸ். சேனநாயக்க நினைவு நூலகம், 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிமத் திட்டம் ஆகியவற்றில் கிடைக்கும் மறுபதிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது அதற்கு அடுத்த படி.

மேற்பார்வையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டைக் கையேற்கும் முன், அடிப்படை நூல் ஒவ்வொன்றுக்கும் மாணவர் பயன்படுத்திய பிரதியின் முகப்புப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உள்ள ஆண்டு உசாத்துணையில் இல்லையென்றால், காற்புள்ளிகள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுங்கள்.