தேவாரத்து மலையும் இருகடல் நீரும்

மூவர் முதலிகள் அருளிய திருப்பதிகங்களின் பெயரையே தன் பெயராகவுடைய தேவாரம் என்னும் பேரூர், தேனி மாவட்டத்தில் மேற்றொடர்ச்சி மலையின் கீழைச் சாரலை ஒட்டியது. அவ்வூர்க்கு மேற்கே நிற்கும் மலைமுகடு ஒரு நீர்வரம்பாம். முகட்டின் மேற்புறத்து வீழும் மழை பெரியாற்றைச் சார்ந்து அரபிக்கடல் புகும். கீழ்ப்புறத்து வீழ்வது வையையைச் சார்ந்து, கண்மாய்கள் உண்டது போக எஞ்சுமேல், ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக்கு நீரிணையிற் கலக்கும். ஒருசாண் இடைவெளியில் வீழ்ந்த இரு துளிகள் இருவேறு கடலுக்கு உரியவாயின.

அக்கடல்கள்தாம் உண்மையில் வேறோ எனின், அன்று. குமரிக்குத் தெற்கே அவை ஒரே இந்துமாக்கடல். அம்மாக்கடல் ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு அப்பால் அத்திலாந்திக்கோடும், ஆத்திரேலியாவைச் சூழ்ந்து பசிபிக்கோடும் கலக்கின்றது. தென்துருவக் கண்டத்தைச் சுற்றி மூன்று நீரும் தடையின்றி ஓடும். கடலுக்குப் பெயர் பலவாயினும் நீர் ஒன்றே. புராணங்கள் கூறும் எழுதீவும் எழுகடலுமோ ஒன்றையொன்று வளைந்து, உவர்நீர் முதலாக வெவ்வேறு சுவையுடையன. அதனை இக்காலத்து நிலப்படத்தின்மேல் வலிந்து ஒட்டுவார், புராணத்திற்கும் பூகோளத்திற்கும் ஒருங்கே பிழை செய்வர். காஞ்சனமாலையார் நீராட இறைவன் எழுகடலை மதுரைக்கு அழைத்த திருவிளையாடல் அருட்செயல் உணர்த்த வந்ததேயன்றி, நிலநூல் உணர்த்த வந்ததன்று.

ஆகவே மெய்யான வரம்பு நிலத்தின்கண்ணதே. தேவாரத்திற்குத் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கின் தலைப்பில், அதுவும் ஒருகால் கடக்கப்பட்டது. 1789-இல் இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப இயலுமோவென ஆராயப் பன்னிருவரை மலைக்கு அனுப்பினார். பொருளின்மையால் அது கைகூடவில்லை. 1808-இல் ஆராய்ந்த காப்டன் கால்டுவெல் (ஒப்பிலக்கணம் செய்த கால்டுவெல் அல்லர்) ஆகாதெனத் தள்ளினார். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்திற்குப் பின்னரே அம்முயற்சி வலுப்பெற்றது. 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசு 8,000 ஏக்கர் நிலத்தை 999 ஆண்டுக் குத்தகைக்கு இசைந்தது. பென்னிகுயிக் துரை 1887-இல் தொடங்கிச் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு அணை எழுப்பினார். வெள்ளம் கட்டியதைப் பெயர்த்தது. காய்ச்சலும் வாந்திபேதியும் கூலியாட்கள் பலரை மாய்த்தன. மலையைக் குடைந்த ஏறக்குறைய 5,700 அடிச் சுரங்கத்தின் வழியே நீர் வைரவனாற்றில் இறங்கிச் சுருளியாறு கூடி வையையை அடைந்தது. 1895 அக்டோபர் 10-இல் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு அதனைத் திறந்துவைத்தார்.

பனாமாவில் சாக்ரெசு ஆற்றைத் தேக்கி, அத்திலாந்திக்குக்கே உரிய அதன் நீரைப் பசிபிக்கிற்கும் பங்கிட்ட கால்வாய் 1914-இல் திறந்தது. பெரியாறு அதற்குப் பத்தொன்பது ஆண்டு முந்தியது. அங்கே நீர் சென்றது கப்பலுக்காக; இங்கே சோற்றுக்காக.

மேலைக்கடலுக்கு உரிய அந்நீரின் ஒரு கூறு, அணையில் நீர் மிக்க காலத்தே, பதினெட்டாம் கால்வாய் வழியாகத் தேவாரத்துக் கண்மாய்களுக்கும் வருகின்றது.